சிறை மீண்டோரின் இரு சாட்சி நூல்கள்

சிறையில் மனந்திரும்பியவர் எழுதும் சாட்சி நூல், நம் சபைகளில் மிகுந்த வரவேற்புப் பெற்றுள்ள இலக்கிய வகையாகும். அதன் அமைப்பை நாம் அனைவரும் அறிவோம்: வீழ்ச்சி, இருள், ஒளி, இறுதியில் விடுதலை. சிறை வாயிலைத் தாண்டிய பின் அம்மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை நூலும் விரிவாகச் சொல்வதில்லை. வாசகராகிய நாமும் கேட்பதில்லை. இக்குறையை மனத்திற்கொண்டு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தோடு தொடர்புடைய இருவரின் நூல்களை இங்கு ஒருசேர வைத்து நோக்குகிறோம். ஒன்று 1976இல் வெளிவந்த சார்ல்ஸ் கோல்சனின் 'பார்ன் அகெய்ன்'. மற்றது 2020இல் வெளிவந்த டெஸ்மண்ட் மீடின் 'லெட் மை பீப்பிள் வோட்'.

கோல்சன், அதிபர் நிக்சனின் சிறப்பு ஆலோசகராய் இருந்தவர். 1973இல் நண்பர் ஒருவர் சி. எஸ். லூயிஸின் நூலிலிருந்து செருக்கைப் பற்றிய அதிகாரத்தைப் படித்துக்காட்ட, அவர் உள்ளம் உடைந்தது. 1974இல் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறக்குறைய ஏழு மாதங்கள் சிறையிலிருந்தார். இந்நூலில் நம்மை மிகவும் நிறுத்திவைக்கும் இடம் ஒன்றுண்டு. கோல்சனின் எஞ்சிய தண்டனையைத் தாமே அனுபவிக்க, அல் குவீ என்ற காங்கிரஸ் உறுப்பினர் முன்வருகிறார். பதிலாளாய் நிற்றல் என்னும் நம் இரட்சிப்பின் மையக் கருத்தை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது. பிரசங்கத்துக்கு இதனை எடுத்தாளாத ஆயர் இருப்பாரோ என்று தோன்றுகிறது! ஆயினும், கோல்சனுக்கு அப்படியொரு நண்பர் இருந்தார்; அவருடன் சிறையிலிருந்த ஏனையோருக்கு இருந்தாரா? நூல் இக்கேள்வியின் அருகில் வந்து, அதனுள் புகாமலே திரும்பிவிடுகிறது.

கோல்சனுக்கு நாம் அநீதி இழைக்கலாகாது. 1976இல் அவர் தொடங்கிய சிறை ஊழியமும், 1983 முதல் சட்டச் சீர்திருத்தத்துக்கென அவ்வூழியத்தினின்று கிளைத்த அமைப்பும் அவரது மனமாற்றம் வெறும் உணர்ச்சியன்று என்பதற்குச் சான்று. நம் குறை நூலின் வடிவத்தைப் பற்றியது. தண்டனை சிறை வாயிலோடு முடிகிறது என்ற எண்ணத்தை அது வாசகரிடம் விட்டுச்செல்கிறது. உண்மையோ வேறு. விடுதலையாகிக் கால் நூற்றாண்டு சென்று, 2000ஆம் ஆண்டில்தான் ஃபுளோரிடா ஆளுநர் ஜெப் புஷ் அவருக்கு வாக்குரிமையை மீட்டளித்தார். நம் நாட்டில் சிறையிலிருக்கும் காலம்வரை வாக்கில்லை. வெளியே வந்தால் அது திரும்பிவிடும். ஃபுளோரிடாவிலோ, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே, பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஆளுநரும் அவர் சகாக்களும் இரங்கினாலன்றி வாழ்நாள் முழுவதும் வாக்கிழந்தவர். 2011இல் வந்த விதிகளின்படி, மனுச் செய்வதற்கே குறைந்தது ஐந்தாண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

மீடின் நூல் இங்கிருந்துதான் தொடங்குகிறது எனலாம். சிறை மீண்டு, வீடும் வேலையுமின்றிப் போதைக்கு அடிமையாய், 2005இல் தண்டவாளத்தருகே சாவதற்காக நின்றவர் அவர். இரயில் வரவில்லை. சாட்சி நூல் மரபின்படி இவ்விடமே உச்சமாகியிருக்கும். மீடுக்கோ அது தொடக்கம். மறுவாழ்வு இல்லம், கல்லூரி, 2014இல் சட்டப் பட்டம், பின்னர் சட்டத் திருத்தத்துக்காகக் கையெழுத்துத் திரட்டும் நெடும்பயணம் எனக் கதை நீள்கிறது. 2018 நவம்பரில் நூற்றுக்கு 64க்கும் மேற்பட்ட வாக்குகளால் அத்திருத்தம் நிறைவேறியது. ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கு வாக்குரிமை திரும்பும் என்று மதிப்பிடப்பட்டது.

கிருபை என்ற சொல்லை இவ்விரு நூல்களும் நம்மை மறுபடி சிந்திக்கச் செய்கின்றன. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு அதைவிட இனிய சொல் இல்லை. ஆனால் ஆளுநரின் கிருபை அவ்வகையினதன்று. கடவுளின் கிருபை விழுந்தவனை எழுந்து நிற்கச் செய்வது. ஆளுநரின் கிருபையோ எழுந்து நிற்பவனை மீண்டும் மனுவோடு குனியச் செய்வது. மீட் கேட்டது உரிமை. இதனைக் கிருபைக்கு எதிரான அகந்தை என்று நம்மில் சிலர் கருதக்கூடும்; நாம் அவ்வாறு கருதவில்லை.

மீடின் தலைப்பும் தேர்வுக்குரியதே. அது யாத்திராகமத்தை நினைப்பூட்டுகிறது. அங்கே பார்வோன் பேரம் பேசுகிறான்: ஆடவர் மட்டும் போகலாம் என்கிறான், பின்னர், ஆடுமாடுகளை விட்டுச் செல்லுங்கள் என்கிறான். மோசே ஒரு குளம்பையும் விட்டுச் செல்ல இசையவில்லை. ஃபுளோரிடாத் திருத்தமோ கொலைக்கும் பாலியல் குற்றத்துக்கும் தண்டனை பெற்றோரை விலக்கியே எழுதப்பட்டது. நூற்றுக்கு அறுபது வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் இப்பேரம் தவிர்க்கமுடியாததாய் இருந்திருக்கலாம். எனினும் யாத்திராகமத்தின் பெயரைச் சூடிய இயக்கத்துக்கு அது உறுத்தலாகவே நிற்கிறது.

2019இல் மாநிலச் சட்டமன்றம் வேறொரு நிபந்தனை விதித்தது. அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு யாவும் செலுத்தித் தீர்த்த பின்னரே வாக்கு. எவர் எவ்வளவு செலுத்தவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஒரே பதிவேடுகூட மாநிலத்திடம் இல்லை என்பது வழக்கில் வெளிப்பட்டது. இருந்தும் 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. கர்த்தருடைய ஜெபத்தில் மத்தேயு 'கடன்' என்று எழுதிய இடத்தில் லூக்கா 'பாவம்' என்று எழுதியிருப்பதை மாணவர்க்குப் போதிக்கையில், அதை மொழி நுணுக்கமாகவே கடந்துவிடுகிறோம். தண்டனை முடிந்தும் கடன் முடியாதவருக்கு அவ்வேறுபாடு மொழி நுணுக்கம் அன்று. பிலேமோனுக்கு எழுதிய பவுல் அடிகள், ஒநேசிமுவின் கடனைத் தம் கணக்கில் எழுதச் சொன்னதையும் இங்கே சேர்த்துப் படிக்கவேண்டும். ஃபுளோரிடாவில் பிறர் கடனைச் செலுத்த நன்கொடை திரட்டிய மீடின் இயக்கத்தார் ஏறக்குறைய அதையே செய்தனர்.

மீட் 2019 ஜனவரியில் வாக்காளராய்ப் பதிவுசெய்துகொண்டார். ஆனால் வாக்குக்கு அப்பாற்பட்ட ஏனைய குடியுரிமைகள் அத்திருத்தத்தால் வரவில்லை. சட்டம் பயின்ற அவருக்கு அவை 2021 அக்டோபரில்தான் கிடைத்தன. அப்போதும் ஆளுநர் தலைமையிலான கருணைக் குழுவின் கையிலிருந்தே கிடைத்தன.