அசைவின் வரைவும் அதன் பொருளும்: உடற்சமநிலை ஆய்வுமுறை குறித்து ஒரு விமர்சன நோக்கு

அசையாது நிற்பதாக நாம் கருதும் மனிதன் உண்மையில் அசைந்துகொண்டே நிற்கிறான். கணுக்காலை அச்சாகக் கொண்ட தலைகீழ் ஊசலை ஒத்த அவனுடலை, கண், உட்செவி, பாதம், தசை ஆகியன தரும் செய்திகளின் துணைகொண்டு நரம்புத்தொகுதி இடையறாது நிமிர்த்துகிறது. கண்களை மூடச்செய்து இவ்வசைவை நோக்கும் சோதனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனிய மருத்துவர் றொம்பேர்க் விவரித்தார். அவர்க்கு வாய்த்த கருவி மருத்துவரின் கண் மாத்திரமே. பின்னர் வந்த விசைத்தட்டு, பாதங்களின் கீழுள்ள அமுக்க மையத்தின் இடப்பெயர்ச்சியை எண்தொடராக்கித் தந்தது. அத்தொடரை வாசிக்கும் முறைகள் பலவாகப் பெருகியுள்ளன. அவ்வாசிப்பு எதனை நிறுவுகின்றது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

முதலிற் கையாளப்பட்டவை பாதையின் நீளம், சராசரி வேகம், பரப்பு, மீடிறன் பரம்பல் முதலான எளிய அளவைகளாகும். இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. 1996இல் பிறியெற்றோவும் அவர்தம் சகாக்களும் செய்த ஒப்பீட்டில், கண் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் முதியோரை இளையோரினின்று பிரித்துக் காட்டியது சராசரி வேகமே. ஆயின், அசைவு குறைந்தால் உறுதி கூடும் என்ற எடுகோள் இவ்வளவைகளோடு ஒட்டி வந்துவிடுகிறது. உயரமான மேடையின் விளிம்பில் நிறுத்தப்பட்டவரின் அசைவு வீச்சிற் குறைந்து மீடிறனிற் கூடுகிறது. அவர் உறுதி பெற்றுவிடவில்லை. அச்சத்தால் விறைத்து நிற்கிறார்.

1993இல் கொலின்சும் டி லூக்காவும் புதியதொரு வழியை முன்வைத்தனர். துகள்களின் எழுமாற்று இயக்கத்தை 1905இல் ஐன்ஸ்ரைன் ஆராய்ந்த முறையைப் பின்பற்றி, அமுக்க மையத்தின் இடப்பெயர்ச்சியது வர்க்கத்தின் இடை, கால இடைவெளியோடு எவ்வாறு வளர்கின்றதென அவர்கள் கணித்தனர். ஏறத்தாழ ஒரு செக்கனில் வளைகோட்டின் சாய்வு மாறியது. குறுகிய இடைவெளியில் அசைவு சென்ற திசையிலேயே தொடர முற்பட்டது. நீண்ட இடைவெளியில் மீள முற்பட்டது. இதிலிருந்து, முதற்கட்டத்தில் உடல் புலன்களின் செய்தியை எதிர்பாராது இயங்குகிறது, அதன் பின்னரே பின்னூட்டல் தலையிடுகிறது என அவர்கள் விளக்கங் கண்டனர். வெறும் இரைச்சலெனத் தள்ளப்பட்டதிற் கால ஒழுங்கைக் கண்டமை அவர்தம் அரிய பங்களிப்பு எனலாம்.

எனினும், 2000இல் பீற்றேர்க்கா காட்டிய உண்மை இவ்விளக்கத்தின் அடித்தளத்தையே அசைத்தது. புலன்வழிப் பின்னூட்டல் எக்கணத்திலும் அறாத எளிய மாதிரியுருவொன்றும் அதே வடிவ வளைகோட்டைத் தந்தது. இருவேறு பொறிமுறைகள் ஒரே வரைவைத் தருமாயின், வரைவு ஒன்றே பொறிமுறைக்குச் சான்றாகாது. வடிவத்தைக் கண்டதும் உள்ளடக்கத்தைக் கண்டுவிட்டதாகக் கொள்ளும் இவ்வழு இலக்கிய விமர்சனத்தில் நாம் நன்கறிந்ததே.

இதற்கு மாற்று, கணிதத்தை மேலும் நுணுக்குவதன்று. வினவும் முறையை மாற்றுவதாகும். தளத்தையோ சூழ்காட்சியையோ அறிந்த அளவிற் சாய்த்து, உடலின் மறுமொழியை அளக்கும் முறை காரணத்தை அணுக வழிசெய்கிறது. சூழல் மாறுகையில் எப்புலனுக்கு நரம்புத்தொகுதி எவ்வளவு நிறையளிக்கின்றது என்பதை 2002இல் பீற்றேர்க்கா இவ்வாறே மதிப்பிட்டார்.

இவ்விவாதம் ஆய்வுகூடத்துள் அடங்குவதன்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர் எனவும், அவர்களுள் எண்பது வீதத்திற்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சார்ந்தோர் எனவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நடக்கையில், திரும்புகையில், இருக்கைவிட்டு எழுகையில், ஈரத்தரையிற் கால்வைக்கையில் மனிதர் விழுகின்றனர். சமதளத் தட்டில் அமைதியாக நிற்போரின் சில செக்கன் வரைவிலிருந்து அவ்விழுகைகளை முன்னுணர்வதாக உரிமை கொண்டாடும் எந்த எண்ணையும் நாம் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும். அளவையின் நுட்பம் வேறு, அதன் பொருத்தம் வேறு.