'கேஷ்' என்னும் சொல்லும் தமிழ்க் காசும்

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல், தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என்பார் பலர். ஒலியும் ஒக்கின்றது, பொருளும் ஒக்கின்றது. வேறு சான்று எதற்கு என்பது அவர்தம் எண்ணம். இக்கூற்று ஆராயத்தக்கது.

இலத்தீனில் 'கப்சா' என்பது பெட்டியைக் குறிக்கும். 'கொள்ளுதல்' என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த அச்சொல், இத்தாலியத்தில் 'காஸ்ஸா' என்றும் பிரெஞ்சில் 'கேஸ்' என்றும் திரிந்து பணப்பெட்டிக்குப் பெயராயிற்று. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தது. அந்நாளில் பணப்பெட்டி, கைப்பணம் என்னும் இரு பொருளிலும் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் பணம் என்னும் பொருளே நிலைத்தது. பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பொருளுக்கு ஆவதைத் தமிழாசிரியர் இடவாகுபெயர் என எளிதில் உணர்வர்.

தமிழ்க் காசிலிருந்து வந்ததாயின், பெட்டி என்னும் பொருள் எங்ஙனம் வந்தது? ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றியதே 1600இல்தான். அதற்கு முன்னரே அச்சொல் இங்கிலாந்தில் வழங்கியது.

அங்ஙனமாயின் தமிழுக்குப் பங்கே இல்லையோ எனின், உண்டு. ஆங்கிலத்தில் மற்றொரு 'கேஷ்' இருக்கின்றது. கீழ்த்திசை நாடுகளின் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. தமிழ்க் காசைப் போர்த்துக்கீசியர் 'கைஷா' என்றனர். அவர்தம் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். இரு சொற்களும் மயங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மலாய்த் தீவுகளின் சில்லறைக்கும், நடுவே சதுரத் துளையுடைய சீனச் செப்பு நாணயத்திற்கும் அப்பெயரே பரவிற்று. சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது கணக்கு. 1803இல் இங்கிலாந்தில் அச்சிட்டுச் சென்னைக்கு அனுப்பிய செப்பு நாணயத்தில் '20 கேஷ்' என்றே பொறித்தனர். 1886இல் வெளியான யூல், பர்னல் ஆகியோரின் 'ஆப்சன் ஜாப்சன்' அகராதி இந்நாணயப் பெயரை விளக்குகின்றது.

ஆகவே எழுத்தால் ஒன்றாயினும் பிறப்பால் இவை இரண்டு சொற்கள். சுருட்டு, கட்டுமரம், மிளகுதண்ணீர் ஆகியவை ஆங்கிலம் ஏறியமைக்கு ஐயமற்ற சான்று உண்டு. சான்றில்லாத ஒன்றை இவற்றோடு சேர்த்து வகுப்பறையில் கற்பிப்பின், நாளை அகராதியைப் புரட்டும் மாணவன் உண்மையானவற்றையும் ஐயுறுவான். உள்ள பெருமையைக் காக்க வேண்டுவோர் இல்லாத பெருமையைக் கூறாதிருத்தல் நன்று.