வரம்புடை அரசும் தனிமனித விடுதலையும்: திண்டிவனம் – விழுப்புரம் வட்டாரத்திலிருந்து ஒரு மறுவாசிப்பு

சுதந்திராக் கட்சியைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக ஒரு முரணைச் சுட்டி, அத்துடன் நின்றுவிடுகின்றனர். 1959இல் ‘பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா’ ஆட்சியை எதிர்த்துக் கட்சி கண்ட இராஜாஜியே 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். உழவரின் நிலத்திலும் வணிகரின் கடையிலும் அரசு தலையிடலாகாது என்றவருக்குக் குடிப்பவரின் குவளையில் அது தலையிடுவது உறுத்தவில்லை. இதனைக் காந்தியப் பற்றின் எச்சம் என்று கடந்து செல்வது எளிது. ஆனால், இராஜாஜியின் நிலைப்பாடு தன்னளவில் முரணற்றது என்றே தோன்றுகிறது. அதன் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அவ்விடத்தைக் காணச் சென்னையையும் பம்பாயையும் விட்டுப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதிக்கு வருவது பயன் தரும்.

முதலில் இராஜாஜியின் ஆட்சிச் செயல்கள். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுசெய்ய அவரது அமைச்சரவை 1939இல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கியது. கள்ளுக்கடையை மூடப் புறப்பட்ட அரசு, மற்றெல்லாக் கடைகளின் கணக்கேடுகளையும் புரட்டும் அதிகாரியைப் படைத்தது. பின்னாளில் அவர் வெறுத்த ஆய்வாளர் ஆட்சியின் ஒரு வேர் இங்கும் உண்டு என்பது ஆய்வாளர்கள் போதிய அளவு கவனியாத செய்தி. 1952இல் மீண்டும் முதலமைச்சரானதும் உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அடுத்த ஆண்டே, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பயிலும் தொடக்கக் கல்வித் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். தடை, வரி, கட்டுப்பாட்டு நீக்கம், குடும்பத் தொழில் ஆகிய நான்கையும் ஒருசேர நோக்கினால் அவற்றை இணைக்கும் இழை புலனாகும். குடும்பமும் மரபும் அறமும் மனிதரை நெறிப்படுத்தும் இடத்தில் அரசு விலகி நிற்க வேண்டும். அவை தோற்கும் இடத்தில் மட்டும் அது உள்ளே வரலாம். இக்கொள்கையில் விடுதலைக்கு உரிய அலகு குடும்பம். தனிமனிதர் அதன் உறுப்பினர் மட்டுமே.

கட்சி உருவானபோது இக்கருத்து வேறொரு கருத்துடன் கைகோத்தது. மினூ மசானி மேலைத் தாராளவாத மரபில் ஊன்றியவர், கே.எம். முன்ஷி பண்பாட்டு மரபின் காவலர். 1959 சனவரியில் நாகபுரிக் காங்கிரசு கூட்டுறவு வேளாண்மையை ஏற்ற தீர்மானம் இருவருக்கும் பொதுப் பகையாயிற்று. கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் 21. அவற்றுள் இறுதியானது, முன் கூறியவற்றுள் அடங்காத பொருள்களில் உறுப்பினர்க்கு முழுக் கருத்துரிமை அளித்தது. பெருந்தன்மையான விதிதான். ஆனால் தனிமனித விடுதலைவாதியும் சமூகப் பழமைவாதியும் மோதியிருக்க வேண்டிய வினாக்களை விவாதத்திற்கு வெளியே வைக்கவும் அதுவே உதவியது எனலாம். ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் வெளியிட்ட ஆய்வுநூலின் தலைப்பு, கட்சியை ‘இந்தியப் பழமைவாதம்’ என்பதுடன் இணைத்தது. அவ்விணைப்பு பொருத்தமே. எனினும், எந்த விடுதலை யாரிடமிருந்து என்ற வினாவை ஓர் ஊரின் அளவில் வைத்துக் கேட்கும்போதுதான் அதன் முழுப் பொருளும் விளங்கும்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதல்வரானார். இரண்டாண்டு ஆட்சியில் கோயில் நுழைவுச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறின. குற்றப் பழங்குடிகள் சட்டம் இம்மாகாணத்தில் நீக்கப்பட்டது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. தாராளவாத அளவுகோல் ஒன்றையே கொண்டு இவற்றை அளக்க முயல்பவர் திகைப்பார். மதுவிலக்கு தனிமனிதத் தெரிவைச் சுருக்கியது. கோயில் நுழைவுச் சட்டமோ, அரசு தலையிட்டதாலேயே தனிமனிதரின் உரிமையை விரித்தது. ‘அரசு விலகி நிற்கட்டும்’ என்னும் கொள்கையை ஒரே சீராகப் பின்பற்றியிருந்தால் கோயில் கதவும் அடைபட்டே இருந்திருக்கும். 1939இல் கோயில் நுழைவை ஆதரித்துச் சட்டம் இயற்றிய இராஜாஜி இதை அறியாதவரல்லர். 1959இன் கொள்கை மொழியில் அந்த அனுபவத்திற்கு இடமில்லாமற் போனதே வியப்பு.

சட்டம் இயற்றி முக்கால் நூற்றாண்டு கடந்த பின், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதற்கு எதிர்ப்பு எழுந்து, 2023 சூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டி முத்திரையிட்டது. உயர் நீதிமன்ற ஆணைகளுக்குப் பின்னரே 2025 ஏப்ரலில் அவர்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் வழிபட்டனர். ஒருவர் தம் ஊர்க் கோயிலில் கைகூப்பி நிற்கும் எளிய உரிமைக்கு ஓர் அரசின் முழு வலிமையும் வேண்டியிருக்கிறது. விடுதலைக்கு முதற்பகை அரசே என்னும் முற்கோள் இங்கே நிலைபெறவில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலிமையானது. தலையிடும் அரசு என்பது நடைமுறையில் காவல்நிலையமே. குற்றப் பழங்குடிகள் சட்டம் நீங்கியும், 1948இல் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு பெயரில் அக்கண்காணிப்புக்கு வழி திறந்தது. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல்லாண்டுகளாக எதிர்த்து வருவது, இருளர் மீது புனையப்படும் வழக்குகளையும் காவல் வன்முறையையுமே. இவ்வட்டாரத்தில் வரம்புடை அரசை உயிர்த்தேவையாகக் கோருவோர் இவர்கள்தாம். ஆலை உரிமத்தின் மீது சுதந்திராவினர் கொண்ட சினத்தில் ஒரு பங்கு இந்தக் காவல்நிலையத்தின் மீது திரும்பியிருந்தால் அவர்களது தாராளவாதம் மண்ணில் வேர் பிடித்திருக்கும்.

இங்கு வேர்கொண்ட சமூகப் பழமைவாதமோ அரசு சுருங்க வேண்டும் என்று கேட்கவேயில்லை. திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்திலிருந்து மருத்துவர் இராமதாசு வழிநடத்திய பாட்டாளி மக்கள் கட்சி இட ஒதுக்கீட்டையும் முழு மதுவிலக்கையும் அரசிடமே கோரியது. 2012இல் சாதி கடந்த காதல் திருமணங்களுக்கு எதிராக இராமதாசு பரப்புரை செய்தபோது, இளம்பெண்களின் திருமணத்திற்குப் பெற்றோர் இசைவைச் சட்டமாக்கும் கோரிக்கையும் எழுந்தது. குடும்பத்தின் அதிகாரத்தைக் காக்க இராஜாஜி அரசை விலகச் சொன்னார். இவர்கள் அதே அதிகாரத்திற்காக அரசை அழைக்கின்றனர். அழைக்கப்படாதவர் இரு நிலையிலும் ஒருவரே: திருமணம் செய்துகொள்ளவிருக்கும் பெண்.

மது வினாவுக்கே மீள்வோம். 1971இல் கலைஞர் கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, வேண்டாமென முதலமைச்சரின் இல்லத்திற்கே சென்று கேட்டுக்கொண்டார் இராஜாஜி. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் தனியுரிமை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தோர் பலர் மாண்டனர். தடை தளர்ந்ததன் விளைவு என்றனர் ஒரு சாரார். அரசுத் தனியுரிமையின் விளைவு என்று மற்றொரு சாரார் கூற இடமுண்டு. அக்குப்பத்து மக்கள் அரசுக் கடையை விட்டுச் சாராயத்தை நாடியதற்கு அதன் மலிவு விலையும், அது வாசலருகே கிடைத்ததும் காரணங்கள். அன்றாடக் கூலியில் அந்த விலை வேறுபாடு எவ்வளவு என்ற கணக்கை இவ்விரு வாதங்களும் இன்னும் போடவில்லை.