ஆடிப்பாவை

பிம்பத்துக்குத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. பழைய நூல்களில் பல இடங்களில் ‘நிழல்’ என்றாலே நீரில் தெரியும் உருவம்தான். பின்னால் வடமொழி வழியாகப் பிரதிபிம்பம் வந்தது. இப்போது பிரதிபலிப்பு என்று எதற்கெடுத்தாலும் எழுதித் தேய்த்துவிட்டோம். இவை எல்லாவற்றிலும் எனக்கு உசத்தி, ‘ஆடிப்பாவை’. ஆடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. பாவை என்றால் பொம்மை. கண்ணின் கருமணிக்கும் பாவை என்றே பெயர். எதிரே நிற்பவரின் குட்டி உருவம் அங்கேயும் தெரியும் அல்லவா!

இந்தச் சொல் குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் வருகிறது. பாடியவர் ஆலங்குடி வங்கனார், திணை மருதம், மொத்தம் 6 அடி. பேசுகிறவள் தலைவன் நாடிப் போகும் பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் ஆட்கள் காதில் விழும்படி பேசுகிறாள். வயலோர மாமரத்தில் பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் நோகாமல் கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும் அவள் கையைத் தூக்கினால் தூக்குகிறான், காலைத் தூக்கினால் தூக்குகிறான், ஆடிப்பாவை மாதிரி. ‘அவள்’ யார்? மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் பிள்ளைக்குத் தாயாம்!

பொம்மலாட்டப் பொம்மை என்று சொல்லியிருந்தாலும் ஏச்சு ஏச்சுத்தான். ஆனால் அதற்குக் கயிறு வேண்டும், இழுக்கிற கை வேண்டும். இங்கே யாரும் இழுக்கவில்லை. எதிரே வந்து நின்றாலே போதும், அவன் ஆடுவான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆடிப்பாவைக்குச் சொந்த முகம் கிடையாது. எதிரே நிற்பவர் நகர்ந்தால் அதுவும் இல்லை. அப்படியானால் பரத்தை வீட்டில் அவன் பேசிய பெரும்பேச்சு எவருடையது? அங்கே எதிரே நின்றவள் இவள்தானே. தலைவியை நோக்கி எறிந்த உவமை எறிந்தவளையும் காட்டிக்கொடுக்கிறது. அவள் அறியாமல் சொன்னாள், வங்கனார் அறிந்தே சொல்லவைத்தார் என்பது என் கட்சி.

அவர் பார்த்த ஆடி எப்படிப்பட்டது? கண்ணாடிச் சில்லின் பின்னால் வெள்ளி பூசும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டது 1835இல். சங்க காலத்து ஆடி உலோகத்தை மினுக்கிச் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். அதன் உறவுக்காரனை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கேரளத்தில் பம்பைக் கரையில் உள்ள ஆறன்முளையில், பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி வாழும் சில கைவினைக் குடும்பங்கள் இன்னும் அதை வார்க்கின்றன. அவர்களுடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

செம்பும் வெள்ளீயமும்தான் சரக்கு. கோயில் மணி வார்க்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதில் மூன்றில் ஒரு பங்கு என்று உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். அந்த அளவில் கலவை வெளுத்து, வெள்ளிபோலப் பளபளப்பு ஏறுகிறது. கூடவே எளிதில் நொறுங்கவும் செய்கிறது. கை தவறி விழுந்தால் போயிற்று. வயல் களிமண்ணில் அச்சுச் செய்து, வார்த்து, ஆறவிட்டு உடைத்து எடுக்கிறார்கள். வந்த வட்டைப் பலகையில் ஒட்டி, சுட்ட மண்பொடியும் நீரடிமுத்து எண்ணெயும் வைத்து நாள்கணக்கில் தேய்க்கிறார்கள். கலவையின் நுட்பத்தைக் குடும்பத்துக்கு வெளியே சொல்வதில்லை. ஐசக் நியூட்டன் 1668இல் செய்த தொலைநோக்கியின் ஆடியும் செம்பு, வெள்ளீயக் கலவைதான் என்பதை நினைத்தால் நம் ஊர்க் கன்னார்கள் மேல் மரியாதை கூடுகிறது.

ஆறன்முளை ஆடியை வாங்கப் போகிறவர்கள் விரல்நுனியை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக் கண்ணாடியில் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே சில்லின் கனத்தால் ஓர் இடைவெளி விழும். ஆறன்முளையில் அது இல்லை. விரலும் விரலும் முட்டும். மேற்பரப்பே பிம்பம் காட்டுவதால் இப்படி. பாவை என்ற சொல்லின் பொருத்தம் அப்போது விளங்கும்: தொடுகிற தூரத்தில் ஓர் ஆள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குண்டு. சமதள ஆடியில் முழு உருவம் தெரிய வேண்டுமானால் நம் உயரத்தில் பாதியாவது அது இருக்க வேண்டும். எவ்வளவு பின்னால் போனாலும் கைக்கண்ணாடியில் நம் கால் தெரியாது. வங்கனாரோ கையும் காலும் தெரிகிற ஆடியைச் சொல்கிறார். ஒன்று, அது செல்வர் வீட்டுப் பேராடி. அல்லது முகம் சற்றே புடைத்த குவியாடி. வட்டு சிறிதானாலும் புடைப்பு இருந்தால் ஆள் முழுதாகத் தெரிவார், குட்டியாக, பொம்மை அளவில். நான் குவியாடிப் பக்கம்.

ஆடி இன்று பேச்சில் இல்லை. மாதப் பெயராகத்தான் காதில் விழுகிறது. ஆனால் அறிவியல் பாடநூலில் குழியாடி, குவியாடி என்று உயிரோடு இருக்கிறது. ஒளியியல் நடத்தும் ஆசிரியர்கள் அந்தப் பாடத்தின்போது குறுந்தொகையின் 8ஆம் பாட்டையும் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டுகிறேன். ஆறே அடிதான்.