எரிந்ததும் எரித்ததும்

‘கண்ணாடி உடைந்தது’ என்கிறோம். ‘கண்ணாடியை உடைத்தான்’ என்றும் சொல்கிறோம். ஆனால் ‘கதவை அடித்தான்’ என்பதிலிருந்து அடித்தவனை நீக்கிவிட்டுக் கதவை எழுவாயாக்க முயன்றால் அவ்வினை இடங்கொடுப்பதில்லை. ‘அடிபட்டது’ என வேறொரு சொல்லின் துணையை நாடவேண்டியுள்ளது. இது ஏன் என்று நமது பாடசாலை இலக்கணம் கேட்பதில்லை. தன்வினை, பிறவினை என இரு நிரல்களை மனனஞ் செய்விப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. இப்பாவத்தைப் பல்லாண்டு செய்தவருள் நானும் ஒருவன்.

சார்ள்ஸ் பில்மோர் 1970இல் ஆங்கிலத்தில் இதே வேறுபாட்டை ஆராய்ந்தார். உடைத்தல் பொருளின் நிலைமாற்றத்தைக் குறிப்பது. அடித்தலோ தாக்குதலை மட்டுமே குறிப்பது. அடியுண்ட கதவு பின்னர் என்னவாயிற்று என்பதை அவ்வினை சொல்வதில்லை. நிலைமாற்றம் தானாக நிகழ்ந்ததாகவும் எண்ணப்படலாம். தாக்குதலைத் தாக்குவோனின்றி எண்ணவியலாது. வினையின் பொருள் வாக்கியத்தின் அமைப்பை இங்ஙனம் கட்டுப்படுத்துகிறது. பெத் லெவின் 1993இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கில வினைகளை இவ்வழியில் வகைப்படுத்தினார்.

தொழில் நிகழ்வதற்கு வேண்டியனவாகச் செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலாக எட்டினைத் தொல்காப்பியர் கூறியிருக்கிறார். ‘பில்மோரை முந்தினோம்’ என மார்தட்டுவோர் பாணினியின் காரகங்களையும் சற்றே நினைவுகொள்வது நன்று. எட்டினுள் எதனை எந்த வினை விட்டுவிட இடந்தரும் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

‘1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது’ என ஒரு மாணவன் எழுதினால் அதில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. எரித்தவன் இல்லாமலே வாக்கியம் நிறைவு பெற்றுவிடுகிறது. ‘எரிக்கப்பட்டது’ என்று எழுதினாலோ, பெயர் கூறப்படாவிடினும் ஒருவன் எரித்தான் என்பது சொல்லிலேயே தங்கிவிடும். விலை ஏறியது, கூலி குறைந்தது, ஆலை மூடியது என்பனவும் இவ்வினத்தவையே. ‘கொன்றனர்’ என்பதற்கு இத்தகைய இணை இல்லை. கொன்றவரை மறைக்க விரும்புவோர் ‘இறந்தனர்’ என வேறொரு வினையைத் தேடிச் செல்லவேண்டும்.

சென்ற தவணையில், நிரல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, வகுப்பிலே பழைய பத்திரிகைத் தாள்களைப் பகிர்ந்தேன். தன்வினைகளின் கீழ்க் கோடிடும்படி கூறினேன். ‘தோட்டத் தொழிலாளரின் வேலைநாட்கள் குறைந்தன’ என்ற வரியருகே ஒரு மாணவி நின்றுவிட்டாள். “சேர், இதைப் பிறவினையாக்கினால் எழுவாயாக யாரை எழுதுவது?”