மௌனம் எழுதிய நடிகை

யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசுவதுதானே நடிகையின் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எலிசபெத் ரொபின்ஸின் இரண்டு நாடகங்களை அடுத்தடுத்து வாசித்தபோது அந்த நினைப்பு ஆட்டங்கண்டது.

1862இல் அமெரிக்காவில் பிறந்த ரொபின்ஸ், 1888இல் இலண்டன் சென்றார். நல்ல பாத்திரம் யாராவது தரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1891இல் மரியன் லீ என்ற நடிகையோடு சேர்ந்து, இப்சனின் 'ஹெடா கப்ளர்' நாடகத்தைத் தம் பொறுப்பிலேயே மேடையேற்றி, ஹெடாவாக நடித்தார்.

1893இல் புளோரன்ஸ் பெல்லுடன் சேர்ந்து 'அலனின் மனைவி'யை எழுதினார். ஆலை விபத்தில் கணவனை இழந்த ஜீன், ஊனத்தோடு பிறந்த தன் குழந்தையைக் கொன்றுவிடுகிறாள். சிறையில் எல்லாரும் "ஏன் செய்தாய்?" என்று கேட்கிறார்கள். கடைசிக் கட்டம் வரை அவள் வாய் திறப்பதில்லை. ஆனால் அச்சுப் பிரதியில், அவள் பேசாத பதில்கள் 'மௌனம்' என்ற குறிப்போடு வரிவரியாக இருக்கின்றன! அவற்றை முகத்தாலேயே சொல்ல வேண்டும். நடித்தவரும் ரொபின்ஸ்தான். மேடையை உள்ளிருந்து அறிந்தவருக்கே இப்படி எழுத வரும். இதில் ஆசிரியர் பெயரே கிடையாது. தொடக்கத்தில் நாவல்களைக்கூட சி. ஈ. ரைமண்ட் என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார்.

1907இல் கோர்ட் அரங்கில், கிரான்வில் பார்க்கரின் நெறியாள்கையில் 'பெண்களுக்கு வாக்குரிமை!' மேடையேறியது. இம்முறை சொந்தப் பெயர். இரண்டாம் அங்கம் முழுவதும் டிரபல்கர் சதுக்கக் கூட்டம்தான். கூட்டத்தினர் கேலி பேசப் பேச, வீடா லெவரிங் எழுந்து பேசுகிறாள். பதினான்கு வருடம் அடக்கி வைத்த குரல் அங்கே வெடிக்கிறது என்றே எனக்குப் பட்டது.

மூன்றாம் அங்கத்தில்தான் எனக்கு மனக்குறை. வீடாவை முன்பு கைவிட்ட ஸ்டோனர் இப்போது பாராளுமன்ற உறுப்பினர். அந்தப் பழைய கடனுக்கு ஈடாகவே அவன் வாக்குரிமையை ஆதரிக்கச் சம்மதிக்கிறான். சதுக்கத்தில் உரிமையென்று கேட்டது, வீட்டுக்குள் வந்ததும் நட்டஈடாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: வீடா தனக்கென்று எதையும் கேட்கவில்லை. ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு அக்கால மேடை வழமையாகக் கொடுத்தது சாவு, அல்லது கலியாணம். ரொபின்ஸ் இரண்டையும் கொடுக்கவில்லை.

நாடகமாகப் பார்த்தால் முதலாவதே சிறந்தது என்பேன். ஆனால் இரண்டாவதை எழுதாமல் விட்டிருந்தால், ஜீனின் மௌனம் ரொபின்ஸின் மௌனமாகவும் போயிருக்கும்.