மூஸின் விலாவில் இருந்த அம்பு

ஜாக் லண்டனின் நாவலை முதலில் பெ. தூரன் மொழிபெயர்ப்பில், 'கானகத்தின் குரல்' என்ற பெயரில்தான் படிச்சேன். அப்போ பதிமூணு வயசு. கடைசி அத்தியாயத்தில் தார்ன்டன் செத்ததும் எங்க வீட்டு நாய் மணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். யீஹாட்டுகளுக்காக அழவில்லை.

போன மாதம் மறுபடி எடுத்தேன். 1903இல் வந்த இந்த நாவலின் கடைசி அத்தியாயம், பாதிவரைக்கும், ஒரு கேம்பிங் கதை. தொலைந்துபோன பழைய சுரங்கம் ஒன்றைத் தேடி தார்ன்டனும் இரண்டு நண்பர்களும் நாய்களோடு கிழக்கே போகிறார்கள். சுரங்கம் கிடைக்கவில்லை, ஒரு பள்ளத்தாக்கில் அலசி எடுக்கிற தங்கம் கிடைக்கிறது. மனுஷங்க அலசுகிறார்கள், பக் நெருப்போரம் படுத்துக் கனவு காண்கிறது. இலையுதிர்காலம் வருகிறது, மூஸ் மான்கள் இறங்கி வருகின்றன. நாய் வளர்த்த யாருக்கும் இந்தப் பக்கங்கள் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், பிரச்சினையே அங்கேதான்.

பக் ஒரு பெரிய ஆண் மூஸைக் கூட்டத்திலிருந்து பிரித்து நாலு நாள் துரத்தி வீழ்த்துகிறது. அந்த மூஸின் விலாவில் ஏற்கெனவே ஒரு அம்பு செருகியிருக்கிறது. அது ஏன் அவ்வளவு ஆவேசமாக இருந்தது என்பதற்குக் காரணமாகச் சொல்லிவிட்டு லண்டன் நகர்ந்துவிடுகிறார். ஆனா அந்த அம்பை எய்தது யார்? இங்கே ஆள் இருக்கிறார்கள், இது அவர்களுடைய வேட்டைக்காடு என்பதற்கு அதைவிடத் தெளிவான சேதி வேண்டாம். பக் பார்க்கிறது, அதற்குப் புரியாது. தார்ன்டனுக்குப் பார்க்கவே வாய்ப்பில்லை. நாமோ நாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். முகாமுக்குத் திரும்பினால் எல்லோரும் செத்துக் கிடக்க, யீஹாட்டுகள் வானத்திலிருந்து குதித்த மாதிரி நிற்கிறார்கள்.

யீஹாட் என்று ஒரு இனமே கிடையாது, அது லண்டன் உண்டாக்கிய பெயர். 1897இல் அவர் தங்கம் தேடிப்போன குளோண்டைக்கில் இருந்தவர்கள் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள். தங்கக் கூட்டம் அவர்களுடைய மீன்பிடி முகாமை விழுங்கியபோது, தலைவர் ஐசக் அவர்களை ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைடுக்குக் கூட்டிப்போனார். பாட்டுகளையும் நடனங்களையும் அலாஸ்காவில் இருந்த உறவுக்காரர்களிடம் ஒப்படைத்து வைத்தார். அதற்கு முந்தைய வருஷம் தங்கத்தைக் கண்டெடுத்த குழுவிலேயே ஸ்கூக்கம் ஜிம் என்ற தாகிஷ் ஆள் இருந்தார். இவர்களில் யாரும் அந்த அத்தியாயத்தில் இல்லை.

நாய்க்கதைதானே, விடு என்று நண்பன் சொன்னான். விட முடியவில்லை. பக் காட்டுக்குப் போக தார்ன்டன் சாகணும், சரி. பனிக்கட்டி உடைந்து ஹால் கும்பலை மூழ்கடித்தவருக்கு வேறு வழி தெரியாதா? தெரியும். ஆனால் பனியைக் கடித்துப் பழிவாங்க முடியாது. பக் குரல்வளைகளைக் கிழிக்கும்போது நாம் கைதட்ட, கற்பனை இனம் ஒன்று வசதியாக இருந்தது. நான் கைதட்டினேன்.

இருந்தாலும் கடைசிப் பக்கத்தை என்னால் தூக்கி எறிய முடியவில்லை. மூட்டைகள் மக்கி, தங்கம் மண்ணோடு கலந்து, புல் மண்டிக் கிடக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. பக்கின் மிச்சக் கதை நமக்கு வந்துசேர்வது யீஹாட்டுகள் வாய்வழியாகத்தான். நெருப்போரம் அதைக் கேட்டு முகம் வாடும் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இழந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நாவலில் இல்லை.